பகலில் பட்டாசு, ராத்திரியில் காளி: சீசன் நேரத்தில் வேஷம் கட்டுறவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?

சிவகாசியில் புரட்டாசி மாதம் லீவு கேட்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. தீபாவளிச் சரக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆடி 18-க்குப் புது ஆல்பம் போட்ட பிரஸ்களில் காலண்டர் ஆர்டர் குவிந்து கிடக்கும். ஆலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் காலையிலேயே தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஒருத்தர் கழுத்தில் துளசி மாலையோடு ஃபோர்மேன் முன்னாடி தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். "அண்ணே... குலசைக்கு மாலை போட்டிருக்கேன்." அவ்வளவுதான். மீதியை ஃபோர்மேனே புரிந்துகொள்வார். சந்தோஷமாகப் புரிந்துகொள்வாரா என்பது வேறு விஷயம்.

குலசை என்றால் குலசேகரன்பட்டினம். திருச்செந்தூரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தெற்கே, கடற்கரை ஊர். இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்களே, அதே ஊர். ஆனால் தென்மாவட்டக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் ஞாபகம் வருவது முத்தாரம்மன் கோயில் தசராதான். கொடியேறி, பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் வரைக்கும் ஊரே வேஷத்தில் இருக்கும். காளி, முருகன், ராஜா, ராணி, சிங்கம், குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரர் எனக் கண்ணில் படுகிற ஒவ்வொருத்தரும் வேறு யாரோ! மறுநாள் காப்பு அவிழ்த்ததும் அந்தக் காளி திரும்பவும் கொத்தனார், லோடுமேன், பெயின்டர், கல்லூரி மாணவர்.

தூத்துக்குடி, நெல்லைப் பக்கம்தான் கூட்டம் அதிகம் என்றாலும், விருதுநகர் மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். இங்கிருந்து போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதே மாதிரி ஒன்று அமெரிக்காவிலும் இருக்கிறது. ரினைசன்ஸ் ஃபேர் என்பார்கள். 1963-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு ரேடியோ ஸ்டேஷனுக்கு நிதி திரட்ட ஆரம்பித்தது. ஐந்து நாள் ஆபீஸ் வேலை பார்க்கிறவர், சனி, ஞாயிறு வந்தால் பழைய இங்கிலாந்து பிரபுவாகவோ, கத்திச் சண்டை வீரராகவோ மாறி மக்களை மகிழ்விப்பார். அங்கே அது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சந்தை. 2024-ல் சென்னையில் காமிக் கான் நடந்தபோது காஸ்ப்ளே போட்டு வந்த நம் பசங்களும் கிட்டத்தட்ட அந்த வகைதான். குலசையில் டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, சம்பளமும் கிடையாது. வேஷம் போட்டவர் வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை வாங்கி, அதைக் கோயில் உண்டியலில் போட வேண்டும். "ஹாபி" என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முறைப்பார்கள். நேர்த்திக்கடன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் உண்மையைப் பேசுவோம். முதல் வருஷம் வேண்டுதலுக்காகப் போட்டவர், வேண்டியது நடந்த பிறகும் வருஷா வருஷம் போடுகிறார். மேளம் அடித்தால் கால் நிற்க மாட்டேன் என்கிறது. முகத்தில் சாயம் ஏறினால் கூச்சம் இறங்கிவிடுகிறது. பக்தி பாதி, ஆசை பாதி. அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காலண்டர்தான் வில்லன்

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. அதற்கு அடுத்த அமாவாசையை ஒட்டித் தீபாவளி. ஆக, விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இருக்காது. 2024-ல் விஜயதசமி அக்டோபர் 12, தீபாவளி அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 2, அக்டோபர் 20. எந்த வருஷம் எடுத்தாலும் கணக்கு இதை ஒட்டித்தான் வரும். அதாவது பட்டாசுத் தொழிலுக்கு வருஷத்திலேயே அதிகம் ஆள் தேவைப்படுகிற நேரமும், வேஷம் கட்டுகிற பத்து நாளும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன.

விரதக் கணக்கையும் சேர்த்தால் இன்னும் இறுகும். 48 நாள், 41, 31, 21, 11 நாள் என்று அவரவர் சக்திக்கு ஏற்ப மாலை போடுகிறார்கள். காளி வேஷம் என்றால் சுருக்க முடியாது. அதற்கு விரதம் ரொம்பக் கறார். 2025 அக்டோபர் 2 சம்ஹாரத்துக்கு 41 நாள் விரதம் என்றால் ஆகஸ்ட் 23-லேயே மாலை போட்டிருக்க வேண்டும். ஆலையில் சீசன் சூடு பிடிக்கிற அதே வாரம்.

அனுபவஸ்தர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? பத்து நாளும் லீவு என்று போய் நிற்பதில்லை. கொடியேறும் நாளில் கோயிலில் காப்பு கட்ட வேண்டும். தசராக் குழுவாக இருந்தால் சிலர் மட்டும் போய் மொத்தமாகக் காப்பு வாங்கி வந்து, ஊரில் இருக்கிறவர்களுக்குக் கட்டிவிடலாம். சிவகாசியிலிருந்து கோவில்பட்டி, தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று போய் வரும் ஒரு நாள் பயணம் மற்றவர்களுக்கு மிச்சம். நடுவில் உள்ள நாட்களில் பகலில் வேலை, சாயங்காலம் உள்ளூர்த் தெருக்களில் வேஷம். கடைசியாக ஆயுத பூஜையும் விஜயதசமியும் எப்படியும் அரசு விடுமுறை. சம்ஹாரம் விஜயதசமி ராத்திரி. மறுநாள் காப்பு அவிழ்ப்பு. ஆக, உண்மையில் தேவைப்படுகிற லீவு இரண்டு, மூன்று நாள்தான். அதற்கு மறுநாளுக்கும் ஒரு லீவு வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

லீவை எப்போது சொல்கிறோம் என்பதும் முக்கியம். மாலை போட்ட அன்றே சொல்லிவிட்டால், மாற்று ஆள் பார்க்க ஃபோர்மேனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும். முதல் நாள் சாயங்காலம் சொன்னால் சாமியே வந்து சிபாரிசு பண்ணினாலும் முகம் சுளிப்பார்கள். ஆலைப் பதிவேட்டில் பெயர் இருக்கிற தொழிலாளி என்றால், வேலை பார்த்த 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. வருஷத்தில் தகுதியான நாட்கள் வேலை பார்த்திருக்க வேண்டும். பீஸ் ரேட்டுக்குப் பார்க்கிறவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டுப் பார்ப்பதில் என்ன போகிறது?

கையில் எவ்வளவு நிற்கும்?

கூலி ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறும். கணக்குக்காக ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் முழுக்கப் போகவில்லை என்றால் 6,000 ரூபாய் போச்சு. போனஸ் என்பது வாங்கிய கூலியில் ஒரு சதவீதம். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33. அந்த வகையில் இன்னும் 500 ரூபாய் குறையும். மூன்றே நாள் லீவு என்றால் மொத்த இழப்பு 2,000-க்குள் அடங்கிவிடும். வித்தியாசம் ஒரு குழந்தையின் தீபாவளி டிரஸ்.

இதற்கு மேல் வேஷச் செலவு. காளி வேஷத்தை எடுத்துக்கொண்டால் கிரீடம், சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், சூடகம், கூடுதல் கைகள் எனப் பட்டியல் நீளும். தசரா நெருங்கினால் உடன்குடி, குலசைப் பக்கத்துக் கடைகளில் எல்லாம் தொங்கும். கடைசி வாரம் போனால் அவர்கள் சொன்னதுதான் விலை. குழு வரி தனி, மேளத்துக்குப் பங்கு தனி, வண்டி வாடகை தனி. "காணிக்கை வருதே, அதில் எடுத்துக்கலாமே" என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். கூடாது. அது அம்மன் பணம். வேஷம் போட்டவர் கைக்காசுதான் கரையும்.

கடன் வாங்கி வேஷம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆலையில் வாங்கிய அட்வான்ஸே கழியாமல் இருக்கும்போது அதற்கு மேல் கைமாற்று என்றால், வேஷம் அவிழ்த்த பிறகும் வட்டி மட்டும் அவிழாது. மாதம் 300 ரூபாய் சீட்டு போல எடுத்து வைத்தால் வருஷத்துக்கு 3,600. ராஜா வேஷமா, குரங்கு வேஷமா என்பதை அந்தத் தொகை முடிவு பண்ணட்டும். பிச்சைக்காரர் வேஷத்துக்குச் செலவே இல்லை. அதற்கும் மதிப்பு குறைவில்லை. நான் பார்த்தவரை கூட்டத்தில் பிச்சைக்காரர் வேஷம்தான் அதிகம் சிரிக்கவைக்கிறது.

வெள்ளிப் பொடி வேண்டவே வேண்டாம்

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் கண்டிப்போடுதான் எழுதுகிறேன்.

பட்டாசுத் தொழிலில் அலுமினியப் பொடி புழங்கும். வெள்ளை வெளிச்சமும் மினுக்கலும் அதிலிருந்து வருகின்றன. அது பட்ட கையும் முகமும் வெள்ளி மாதிரி மின்னும். வேலை முடித்து வேனில் இறங்குகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். பார்க்கிறவனுக்கு ஒரு யோசனை வரத்தான் செய்யும்: வெள்ளிச் சிலை வேஷத்துக்கு இதையே பூசினால் என்ன? பூசக் கூடாது. நைசான அலுமினியத் தூள் தீப்பிடிக்கிற பொருள். சுற்றிலும் சூடமும் தீச்சட்டியும் எரிகிற இடத்தில் உடம்பெல்லாம் அதைப் பூசிக்கொண்டு நிற்பது தற்கொலைக்குச் சமம். மூச்சில் போனால் நுரையீரலுக்கும் கெடுதல். பச்சை நிறத்துக்குப் பயன்படும் பேரியம் உப்பும் விஷம். வாய் வழியாக உடம்புக்குள் போனால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பட்டாசில் அதைச் சேர்ப்பதற்கே உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை போட்டது. ஆலைப் பொருள் எதுவும் ஆலையைத் தாண்டக் கூடாது. ஊர்வலத்தில் வெடிக்க 'கொஞ்சூண்டு மருந்து' கொண்டுவருவதும் இதில் சேர்த்திதான்.

வேலை முடிந்து நேராக வேஷம் கட்டப் போவதும் ஆபத்து. முதலில் தலையோடு குளிக்க வேண்டும். வேலைத் துணியைத் தனியாக மாட்டிவிட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சாயத்தைத் தொட வேண்டும்.

சாயம் பற்றி ஒரு சின்னத் தகவல். நடிகர்கள் பூசிக்கொள்வதை அரிதாரம் என்கிறோம் அல்லவா? அந்தச் சொல்லே ஒரு மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர். ஆர்சனிக் கலந்த பாஷாணம். அந்தக் காலத்து நாடகக்காரர்கள் அதைத்தான் முகத்தில் பூசினார்கள். இன்று கடையில் நல்ல மேக்கப் சாயமே கிடைக்கிறது. வாங்கியதும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் அந்த டப்பாவை மறந்துவிடுங்கள். எனாமல் பெயின்ட், துணிச் சாயம், போஸ்டர் கலர் எதையும் முகத்தில் பூசாதீர்கள். பூசும் முன் லேசாகத் தேங்காய் எண்ணெய், கலைக்கும்போது தாராளமாகத் தேங்காய் எண்ணெய். சோப்பு போட்டுப் பறட்பறட்டென்று தேய்த்தால் மறுநாள் முகம் எரியும்.

துணி விஷயத்தில் ஆலைப் பாடம் கை கொடுக்கும். ஆலைக்குள் பருத்தி உடைதான் போட வேண்டும், சிந்தெடிக் கூடாது என்பது அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். சிந்தெடிக்கில் நிலைமின்சாரம் உண்டாகும். தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேஷத் துணியோ சாட்டின், வெல்வெட், நைலான் சடை. உள்ளே முழுக்கப் பருத்திப் பனியனும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு அதற்கு மேல் வேஷத்தைக் கட்டினால் வேர்வையையும் உறிஞ்சும், பாதுகாப்பும் கூடும். தெர்மாகோல் கிரீடத்தோடு தீச்சட்டி பக்கம் குனியாதீர்கள். குழுவில் ஒருத்தர் வேஷம் போடாமல், ஒரு தண்ணீர்க் கேனும் ஈரத்துண்டும் வைத்துக்கொண்டு கூடவே நடப்பது நல்லது. அந்த ஒருத்தர் யார் என்பதில்தான் எல்லாக் குழுவிலும் சண்டை வரும்.

கூட வருபவர்கள், கூட வராதவர்கள்

மாலை போடுகிறவர் ஒருத்தர் என்றாலும் விரதம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. தனிப் பாத்திரம், தனிச் சமையல், கவுச்சி கிடையாது. அதே வீட்டு அம்மாவோ மனைவியோ காலையில் வேன் பிடித்து ஆலைக்கோ தீப்பெட்டி கம்பெனிக்கோ போகிறவராக இருப்பார். 41 நாள் யாருடைய தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறைகிறது என்று யோசித்தால் பதில் சங்கடமாக இருக்கும். குலசையில் பெண் வேஷங்களையும் ஆண்களே நிறையப் போடுகிறார்கள். சேலை கட்டத் தெரிந்த பிறகு, விரதச் சாப்பாட்டையும் தானே ஒரு கை பார்க்கலாம். தசராக் குடில் போட்டிருக்கிற ஊர்களில் விரதக்காரர்கள் அங்கேயே தங்கி, தாங்களே சமைத்துக்கொள்வதும் உண்டு. வீட்டில் உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் காலாண்டுத் தேர்வு முடிந்து லீவு விடுகிற நேரம். குட்டிக் கிருஷ்ணர்களும் குட்டி முருகர்களும் அப்பா தோளில் தூங்கிக்கொண்டே வருவார்கள்.

குலசையில் சில விஷயங்களுக்குக் கெடுபிடி உண்டு. இரும்பு வேல், சூலம், வாள் கொண்டுவரக் கூடாது, அட்டை, மரம்தான். சாதி அடையாளக் கொடி, ரிப்பன் கூடாது. குழுக்கள் நடிகைகளை அழைத்துவந்து ஆபாச நடனம் வைத்த விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், அதற்கும் கட்டுப்பாடு வந்தது. குறவன், குறத்தி வேஷம் பல காலமாக இருந்ததுதான். ஆனால் குறவர் சமூகத்தினர் தங்களைக் கேலிப்பொருளாக்குவதாக எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து, குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழக அரசு 2023-ல் தடை விதித்தது. வேஷம் போட ஆயிரம் இருக்கும்போது இன்னொருத்தர் மனசு நோகிறதை எதற்குப் போட வேண்டும்?

லீவே கிடைக்காதவர்களுக்கு

சீசனில் நகரவே முடியாது என்றால் பங்குனி, சித்திரை இருக்கிறது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு, சென்னையில் செட்டிலான விருதுநகர்க்காரர்கள்கூட வீடு திரும்பிவிடுவார்கள். தீச்சட்டி, கரும்புத் தொட்டில் எனத் தெரு முழுக்க நேர்த்திக்கடன்தான். உடம்பெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கலாம். சிவகாசியிலும் பங்குனிப் பொங்கலும், பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலும் உண்டு. ஊர்த் திருவிழா என்பதால் ஊரே லீவு. யாரிடமும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. வெயில் மட்டும் கொல்லும்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வேஷம் கட்டித் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுவதும் இந்த ஊர்க்காரர்களுக்குக் கைக்கு எட்டுகிற தூரம்தான். விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரம். அந்த வெல்வெட் உடைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்துக் கொடுத்தவர்கள் மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்துத் தையல்காரர்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. உயர் அழுத்த மோட்டார் வைத்துத் தண்ணீர் அடிப்பது கூடாது. பழைய முறைப்படி தோல் பைதான்.

மறுநாள்

இப்போது அந்தக் கூடுதல் லீவு. சம்ஹாரம் நள்ளிரவில். முடிந்து கூட்டத்திலிருந்து வெளியே வரவே மணிக்கணக்காகும். காப்பு அவிழ்த்து ஊர் திரும்பினால் குரல் இருக்காது, கால் வீங்கியிருக்கும், இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கி. ஓட்டுகிறவரும் நம்மோடு ஆடியவராக இருந்தால் அந்த வேனில் ஏறாதீர்கள். மாலை போடாத ஒருத்தரை டிரைவராக முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வீடு வந்து சேர்ந்த அடுத்த நாளே ஆலைக்குப் போகிறவர்கள் உண்டு. சீசன் கூலி அப்படி இழுக்கும். பேக்கிங், லேபிள் ஒட்டுவது என்றால் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்து கலக்கிற அறை அப்படி இல்லை. அங்கே ஒரு உரசல், கை தவறிய ஒரு பாத்திரம், அளவு மாறிய ஒரு கலவை போதும். பக்கத்தில் நிற்கிறவரும் சேர்ந்துதான் போவார். விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்று இருக்கிற நாட்களுக்கும் இது பொருந்தும். தலைசுற்றல் இருந்தால் அன்றைக்கு வேறு வேலை கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து நாளைக்கு முன்னாடி லீவு கேட்டதைவிட, "அண்ணே, இன்னைக்கு மருந்து வேலை வேணாம்" என்று சொல்வதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதைச் சொல்ல முடிகிற ஆலையாக இருக்க வேண்டியது ஃபோர்மேன்களின் பொறுப்பும்கூட.

தூங்கி எழுந்த பிறகு ஒரு அரை மணி நேர வேலை பாக்கி இருக்கும். வெல்வெட் துணியைத் துவைக்காமல் நிழலில் உலர்த்தி, வேர்வை வாடை போனதும் மடித்து, நடுவில் அந்துருண்டை போட வேண்டும். சடைமுடியைச் சிக்கெடுத்துத் தனியாகக் கட்ட வேண்டும். கிரீடத்தைச் சுற்றி வைக்கச் சிவகாசியில் தாளுக்கா பஞ்சம்? போன வருஷக் காலண்டர் நாலைக் கிழித்துச் சுற்றி, பரண்மேல் ஏற்றிவிட்டு, வேன் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.